குடத்துக்குள் ஒரு வழுவழுப்பு

நேயர்களுக்கு வணக்கம். தாமிரபரணிப் படித்துறையில் இறங்கிக் குளித்தவர்களுக்கு நான் சொல்ல வருவது உடனே புரியும். தண்ணீருக்குள் இருக்கும் படியில் கால் வைத்தால் வழுக்கும். பாசி என்போம். பாசியோடு பாக்டீரியாவும் அதில் உண்டு. கல்லில் ஒட்டி, பசை போல ஒன்றைச் சுரந்து, அதற்குள் கூட்டமாகக் குடியிருக்கும். அதுதான் பயோஃபிலிம், உயிர்ப்படலம்.

சின்ன வயதில் எவர்சில்வர் குடத்தை அலசுவது என் வேலை. "நாலு தடவ அலசிட்டேன் ஆச்சி" என்பேன். ஆச்சி என் கையைப் பிடித்துக் குடத்துக்குள் விட்டு, உள்பக்கத்தைத் தடவச் சொல்வாள். விரல் வழுக்கிக்கொண்டு போகும். "அலசுனா போவுமாலே? தேங்கா நார வச்சுத் தேய்லே!" நாரும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, விரல் வைத்தால் கிறீச்சென்று சத்தம் வரும்வரை விடமாட்டாள். பிற்பாடு நுண்ணுயிரியல் படித்தபோது, முதல் பாடம் ஆச்சியிடம் முடிந்திருந்தது என்று தெரிந்தது.

காலையில் பல் விளக்கும் முன் நாக்கால் பல்லைத் தடவிப் பாருங்கள், அதே வழுவழுப்புதான். 1680களில் ஹாலந்தில் லேவன்ஹூக் என்ற துணி வியாபாரி, தன் பல் அழுக்கைத் தானே செய்த லென்ஸில் பார்த்தார். உயிர்கள் நெளிந்தன. வினிகரால் பல்லைக் கழுவிப் பார்த்தார். அழுக்கின் வெளிப்பக்கம் இருந்தவைதான் செத்தன. உள்ளே இருந்தவற்றை அது எட்டவில்லை.

ஆன்டிபயாடிக் கதையும் அதுதான். பசை சில மருந்துகளை மெதுவாகத்தான் உள்ளே விடும். அதைவிட முக்கியம், அடியில் இருப்பவற்றுக்குத் தீனியும் ஆக்சிஜனும் போதாது. வளராமல் சுருண்டு கிடக்கும். பென்சிலின், ஒவ்வொரு பாக்டீரியாவும் வளர்ந்து தன் உடம்பைச் சுற்றிச் சுவர் கட்டும்போது அந்த வேலையைக் கெடுத்துக் கொல்லும் மருந்து. சுவரே கட்டாமல் கிடப்பதை அது என்ன செய்யும்? தனியாக அலையும்போது செத்துப்போகிற அதே பாக்டீரியா, படலத்துக்குள் பல நூறு மடங்கு மருந்தையும் தாங்கிவிடும். மருந்து நின்றதும் மறுபடி கிளம்பும். திரும்பவும் சொல்கிறேன், அது வேறு இனமாக மாறிவிடவில்லை. படலத்தை விட்டு வெளியே வந்து வளரத் தொடங்கினால், பழைய மருந்துக்கே சாகும். ஆனால் நெருக்கியடித்து இருக்கும் இடத்தில், மருந்தை நிரந்தரமாக எதிர்க்கும் மரபணுவை ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்ளவும் வசதி அதிகம். அதைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், நேரம் முடிகிறது.

சரி, ஒன்றே ஒன்று. வீட்டுப் பெரியவருக்குச் சிறுநீர்க் குழாய் போட்டிருந்து, காய்ச்சல் வந்து, டாக்டர் குழாயையே மாற்றவேண்டும் என்றால், மாத்திரை மட்டும் போதாதா என்று தயங்காதீர்கள். அந்தக் குழாய்க்குள்ளும் இதே வழுவழுப்புதான் இருக்கும், அங்கே நார் போட்டுத் தேய்க்க முடியாது. வணக்கம்.