பிளெஸ் போட்டால் கிரிட் கூடுமா?

வணக்கம். ராயபுரம், பெரம்பூர் மொட்டை மாடிகளில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டைஸ் உருட்டி, கதை மாந்தர்களாக நடித்து ஆடும் விளையாட்டு) ஆடுகிறவர்கள், கேரம் பலகையில் மல்லுக்கட்டுகிற அதே வேகத்தோடு மல்லுக்கட்டும் விஷயம் ஒன்று உண்டு. எதிரியை அடிக்க உருட்டிய டி20-யில், அதாவது 20 முக டைஸில், 17 விழுந்தது. உருட்டலோடு ஒரு 4 முக டைஸைக் கூட்டித் தரும் பிளெஸ் மந்திரத்தின் டி4-இல் 3. கூட்டினால் 20. கிரிட், அதாவது டேமேஜ் கூடும் கிரிட்டிகல் ஹிட்தானே?

இல்லை. ஐந்தாம் பதிப்பில் டைஸின் முகத்திலேயே 20 விழ வேண்டும். கூட்டுத்தொகை 30 ஆனாலும் அது சாதாரண அடிதான். உருட்டலோடு சேரும் உங்கள் போனஸ் +6, அடிபட மொத்தம் எட்டவேண்டிய எதிரியின் ஏசி (ஆர்மர் கிளாஸ்) 15 என்றால் 9 விழுந்தால் போதும். அடிபட 60 சதவீத வாய்ப்பு. பிளெஸ் அதைச் சராசரியாக 72.5-க்கு ஏற்றும். கிரிட் வாய்ப்பு 5 சதவீதத்தை விட்டு அசையாது. கிரிட்தான் வேண்டும் என்றால் அட்வான்டேஜைத் தேடுங்கள். ஃபேரி ஃபயர் மந்திரத்தில் சிக்கிய எதிரிமேல் இரண்டு டி20 உருட்டிப் பெரியதை எடுக்கலாம்; வாய்ப்பு 9.75 ஆகிவிடும். இன்னொன்று, கிரிட்டில் இரட்டிப்பது டேமேஜ் டைஸ் மட்டுமே. ஹன்டர்ஸ் மார்க் மந்திரம் டேமேஜில் சேர்க்கும் டி6 இரண்டாகும், உடல் வலுவுக்கான +4 அப்படியே இருக்கும்.

2003-இல் வந்த 3.5 பதிப்பில் கணக்கே வேறு. அங்கே பிளெஸ் வெறும் +1. லாங்ஸ்வோர்டு வாளுக்கு 19, 20 விழுந்தால் அது த்ரெட், அதாவது கிரிட்டுக்கான வாய்ப்பு மட்டும். அதே போனஸோடு மறுபடி உருட்டி ஏசியை எட்டினால்தான் கிரிட். மேலே சொன்ன எண்களுக்கு 6 சதவீதம், பிளெஸ் இருந்தால் 6.5. அரை சதவீதத்துக்காக மந்திரத்தைச் செலவழிப்பது வீண் என்பேன். 19 விழுந்தும் மொத்தம் ஏசியை எட்டாவிட்டால் மிஸ்தான். த்ரெட் என்று கத்துகிறவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள்.

போனஸுக்கு உண்மையான மதிப்பு இதே வகை விளையாட்டான பாத்ஃபைண்டரின் 2019-இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான். ஏசியை விட மொத்தம் 10 கூடினாலே கிரிட். +9 போனஸ், ஏசி 18 என்றால் 19, 20 இரண்டும் கிரிட், 10 சதவீதம். பிளெஸின் +1 சேர்ந்தால் 18-உம் கிரிட், 15 சதவீதம். ஆனால் அடிபடவே 11 அல்லது அதற்கு மேல் தேவைப்படும் முரட்டு எதிரியிடம் இந்த +1 கிரிட்டைக் கூட்டாது. அங்கே 20 மட்டும்தான். பிளெஸும் ஹீரோயிசம் மந்திரமும் ஒன்றாகப் போட்டு +2 எதிர்பார்க்காதீர்கள். இரண்டுமே ஸ்டேட்டஸ் போனஸ் என்ற ஒரே வகை, பெரியது மட்டுமே கணக்கில் வரும்.