வாக்ஸ் பூசிய கையும் மட்டை பிடிக்கும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

'ஜப்பான் இளைஞரின் முடி அலங்காரம் பகட்டா, தன்மதிப்பா?' தன்மதிப்பே என்று பேச வந்தேன். ஆனால் எதிரணித் தோழர் வீசிவிட்டுப் போன வார்த்தைக்குப் பதில் சொல்லாமல் என்னால் நகர முடியாது. "கண்ணாடி முன்னால் ஒரு மணி நேரம் நிற்கிறவன், களத்தில் ஒரு நிமிடம் நிற்பானா?" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள்.

நிற்பானா? 2023 ஆகஸ்ட், ஜப்பானின் கோஷியன் மைதானத்துக்கு வாருங்கள். தேசிய அளவிலான பள்ளி பேஸ்பால் போட்டியின் இறுதி ஆட்டம். அந்த விளையாட்டில் பையன் என்றாலே மொட்டைத் தலை என்றுதான் நெடுங்காலம் இருந்தது. அதுதான் ஒழுக்கம் என்று பல தலைமுறையாகச் சொல்லி வைத்திருந்தார்கள். கெய்ஓ பள்ளிப் பையன்கள் வந்து தொப்பியைக் கழற்றினார்கள். நெற்றியில் முடி விழுகிறது! அதிலும் முதலில் மட்டை பிடிக்கிற பையன் இருக்கிறாரே, வெயிலுக்கு சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு ஆட வருகிறவர். மறுபடி சொல்கிறேன், சன்ஸ்கிரீன்! சரும நிறத்தை வைத்தே அவருக்கு 'இளவரசன்' என்று பட்டப்பெயர்.

எதிரில் யார்? முந்தைய ஆண்டுச் சாம்பியன் சென்டாய் இகுஎய். ஆட்டம் தொடங்குகிறது. முடி வைத்த, சன்ஸ்கிரீன் பூசிய அந்தப் பையன் நிற்கிறார். பந்து வருகிறது. அடித்தார் பாருங்கள், பந்து மைதான வேலியைத் தாண்டியது, ஹோம் ரன்! கோடைக்கால கோஷியன் இறுதி ஆட்டத்தில் முதலில் மட்டை பிடித்தவரே ஹோம் ரன் அடித்தது வரலாற்றில் அதுதான் முதல் முறை. 8-க்கு 2 என்று வென்றார்கள். 1916-க்கு அப்புறம், 107 ஆண்டு கழித்து அந்தப் பள்ளிக்குச் சாம்பியன் பட்டம். தோழரே, களத்தில் நின்றானா இல்லையா?

சரி, களத்தை விடுங்கள். பக்கவாட்டில் ஒட்ட வெட்டி, மேலே நீளமாக விட்டு, முடியைப் படிய வைக்கும் வாக்ஸை உள்ளங்கையில் தேய்த்துப் பின்னந்தலையில் தொடங்கிக் கடைசியாக முன்நெற்றிக்கு வருவார்கள் அங்குள்ள இளைஞர்கள். இப்படி வெட்டுவதற்கு 'டூ பிளாக்' என்று பெயர். இந்த வெட்டுக்கு டோக்கியோவில் பல அரசுப் பள்ளிகள் தடை போட்டிருந்தன. ஏன் என்று 2020-இல் மாநகர சபையில் கேட்டதற்கு, தோற்றத்தால் மாணவர் வம்பில் மாட்டிக்கொள்ளக்கூடும், அவர்களைக் காக்கத்தான் தடை என்று பதில் வந்தது. ஒரு பிள்ளையின் காதோரத்து முடியில் என்ன ஆபத்தைக் கண்டார்கள்? 2022-இல் அந்தத் தடை போயிற்று. அந்தப் பிள்ளைகளுக்காக நான் மனதார மகிழ்ந்தேன்.

கடைசியாக ஒன்று. ஜப்பானின் சுமோ மல்யுத்த வீரர் ஓய்வு பெறும்போது குடுமி களையும் சடங்கு நடக்கும். மேடையில் உட்கார்ந்திருப்பார். உறவினர், நண்பர், புரவலர் என்று நூற்றுக்கணக்கானோர் வரிசையாக வந்து, ஆளுக்குக் கொஞ்சம் கத்தரிப்பார்கள். கடைசி வெட்டு ஆசானுடையது. அத்தனை ஆண்டு அடிபட்டு விழுந்தும் அழாத மனிதர், அங்கே குலுங்கிக் குலுங்கி அழுவதுண்டு.

நடுவர் அவர்களே, அந்தக் கண்ணீரை மட்டும் பகட்டுக் கணக்கில் எழுதிவிடாதீர்கள்!