பிளக்கில் குத்த முதல் நில்லுங்கோ! பழைய சன்சுயியும் 100 வாட் பல்பும்

வணக்கம் உறவுகளே. மேசையில் இருப்பது எழுபதுகளில் வந்த சன்சுயி ஸ்டீரியோ ரிசீவர், கிளிநொச்சிப் பக்கம் ஒரு வீட்டுப் பரணில் இருந்து இறங்கியது. நேரே பிளக்கில் குத்தினால் பாட்டு வரலாம், புகையும் வரலாம். என்னிடம் வருவதெல்லாம் புகை வந்த பெட்டிகள்தான்!

வரலாறு ஒரு வரியில்: ரேடியோவும் அம்ப்ளிஃபயரும் ஒரே பெட்டிக்குள், செய்தது ஜப்பான்காரர், சுமந்து வந்தது வளைகுடாவில் உழைத்த மாமாமார். சரி, விசயத்துக்கு வருவோம்.

1990களில் வன்னியில் மின்கம்பிக் கரண்ட் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிள் பெடலைச் சுற்றி, டைனமோக் கரண்டில் ரேடியோச் செய்தி கேட்ட சனம் நாங்கள். மூச்சிரைக்கச் சுற்றியவருக்குச் செய்தி காதில் விழுந்திருக்குமோ தெரியாது! அந்த டைனமோ தருவது 6 வோல்ற், 3 வாட். சன்சுயிக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஆகவே பெரிய செட்டுகள் துணி சுற்றிச் சும்மா கிடந்தன. அந்தச் சும்மா இருப்புத்தான் வினை.

[கமெரா கிட்டப் போகிறது]

இந்தத் தகரக் குவளை மாதிரி நிற்பது பில்டர் கப்பாசிட்டர், கரண்டைச் சேமித்துச் சீராக்கிக் கொடுக்கிற சாமான். உள்ளே அலுமினியத் தாள், அதன்மேல் ஒக்சைட் படலம். ஒரு வோல்ற்றுக்குச் சுமார் 1.4 நானோமீற்றர் தடிப்பு, அவ்வளவுதான்! கரண்ட் ஓடிக்கொண்டிருந்தால் படலம் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். வருடக்கணக்காகக் கிடந்தால் நலிந்துவிடும். திடீரென்று முழு வோல்ற்றேஜ் ஏறினால் கரண்ட் ஒழுகி, சூடாகி, சிலவேளை வெடிக்கும்.

அதுக்குத்தான் பல்ப். செட்டுக்குக் கரண்ட் போகிற லைன் வயரை வெட்டி, நடுவில் ஹோல்டர் பூட்டி, பழைய இழைப் பல்ப் 60 அல்லது 100 வாட் போடுங்கள். எல்ஈடி சரிவராது. இழை சூடேறச் சூடேறத் தடை கூடும், கரண்ட் தானாகவே மட்டுப்படும். சுவிச்சைப் போட்டதும் பல்ப் ஒருதரம் பளிச்சென்று எரிந்து மங்கினால் சந்தோசம்; கப்பாசிட்டர் நிரம்பிவிட்டது. மங்காமல் முழுசாக எரிந்தால் உள்ளே எங்கேயோ ஷோர்ட், உடனே நிறுத்துங்கள். ஐம்பது ரூபாய் பியூசுக்குச் சிகரெட் பெட்டி ஈயத்தாள் சுற்றுகிற வித்தகர்களே, இந்த இடத்தை இன்னொருக்கால் போட்டுப் பாருங்கள்.

பின்பக்கம் வோல்ற்றேஜ் தெரிவுசெய்கிற சுவிச்சையும் பாருங்கள். நம்முடைய கரண்ட் 230 வோல்ற். 110இல் நின்றால் கதை முடிஞ்சுது. குமிழ் திருப்பக் கரகரத்தால் கொன்டாக்ட் கிளீனர், தேங்காய் எண்ணெய் இல்லை.

எல்லாக் கப்பாசிட்டரையும் மாற்று என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வீங்கியதை, ஒழுகியதை, மீற்றரில் தவறியதை மட்டும் மாற்றினால் போதும். புதிதில் மைக்ரோபரட், அதாவது கொள்ளளவு, அதேதான், வோல்ற் அதேயோ கூடவோ, நெகட்டிவ் கோடு எந்தப்பக்கம் என்று படம் எடுத்துவிட்டுக் கழற்றுங்கள். பிளக்கைக் கழற்றினாலும் பெரிய கப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும். ரெசிஸ்டர் வைத்து இறக்கிவிட்டுத்தான் கை வையுங்கள்.

கடைசியாக, ஸ்பீக்கர் பூட்ட முதல், செட்டின் ஸ்பீக்கர் முனைகளில் டிசி வோல்ற்றேஜ் (பற்றரி மாதிரி ஒரே திசைக் கரண்ட்) அளக்கவேண்டும். 50 மில்லிவோல்ற்றுக்குள் இருந்தால் பூட்டலாம். வோல்ற் கணக்கில் காட்டினால் ஸ்பீக்கர் சுருள் கருகும், பூட்டாதீர்கள். உங்கள் வீட்டுப் பரணில் என்ன செட் கிடக்கிறது என்று கமெண்டில் எழுதுங்கோ. மொடல் இலக்கத்தையும் போடுங்கோ, அடுத்த வீடியோவுக்கு அதில் ஒன்றைத் திறக்கிறேன்.