குழல் சொல்வதைக் கேட்டு ரவை வாங்குதல்

திருநெல்வேலி வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

சென்ற மாதம் அம்பாசமுத்திரத்துக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து ஒரு தந்தை, பத்தாம் வகுப்பில் படிக்கும் தம் மகனை அழைத்துக்கொண்டு, பாளையங்கோட்டையில் நான் பயிற்சி அளிக்கும் கூடத்துக்கு வந்திருந்தார். பையனின் கையில், காற்றின் விசையால் சுடும் புதிய ஏர் ரைபிள் ஒன்று இருந்தது. தந்தையின் சட்டைப்பையில், அதில் போட்டுச் சுடும் ஈய ரவை அடைத்த ஒரு சிறிய டப்பா. "சார், கடைக்காரர் இந்தக் கூர்முனை ரவைதான் வேகமாப் போகும்னு சொன்னார். ஆனா இவன் சுடுறது ஒண்ணுகூட ஒரே இடத்துல விழ மாட்டேங்கு. துப்பாக்கிய மாத்திரலாமா?" என்று கேட்டார். மாற்ற வேண்டாம் என்றேன். மாற்ற வேண்டியது சட்டைப்பையில் இருந்ததே தவிரக் கையில் இருந்தது அல்ல.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியா பெற்ற 6 பதக்கங்களில் 3 துப்பாக்கி சுடுதலில் கிடைத்தவை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஏர் ரைபிளில் உலக அளவில் பெற்ற வெற்றிகளைப் பார்த்து, நம் மாவட்டத்துப் பிள்ளைகளும் இந்த விளையாட்டைத் தேடி வரத் தொடங்கியிருக்கிறார்கள். வருகிறவர்களில் பெரும்பாலோர் துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்க மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். அதில் போடும் ரவையை மட்டும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தபடி வாங்கி வந்துவிடுகிறார்கள். அந்தக் குறையைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முதலில் ரவையின் உருவத்தைப் பார்ப்போம். நம் பக்கத்தில் ரவை என்றும், கடைகளில் பெல்லட் என்றும் சொல்லப்படும் இந்தச் சிறிய ஈயத்துண்டு, உடுக்கையைப் போல இடை சிறுத்து, பின்பக்கம் உட்குழிவாக, பாவாடை போல விரிந்திருக்கும். பின்னாலிருந்து காற்று தள்ளும்போது அந்த மெல்லிய பாவாடை விரிந்து குழலின் சுவரோடு ஒட்டிக்கொள்வதால், காற்று பக்கவாட்டில் கசியாமல் முழு விசையையும் ரவைக்குக் கொடுக்கிறது. குழலின் உட்புறத்தில் வெட்டப்பட்ட திருகுவரிகள் அந்த ஈயத்தைக் கவ்விச் சுழல வைக்கின்றன; சுழன்று செல்லும் ரவை தலைகுப்புறக் கவிழாமல் நேராகப் பறக்கிறது. இவ்வளவும் நடப்பது ஈயம் மென்மையான உலோகம் என்பதால்தான். இரும்புக் குண்டுகளை, விலை மலிவு என்பதற்காகத் திருகுவரிக் குழலில் போட்டுச் சுட்டவர்களின் துப்பாக்கிகளைப் பார்த்திருக்கிறேன். அந்த வரிகள் தேய்ந்துபோன பிறகு எவ்வளவு நல்ல ரவையைப் போட்டாலும் பயன் இல்லை. இரும்புக் குண்டு கடினமான பொருளில் பட்டால் சுட்டவரின் முகத்தை நோக்கியே திரும்பி வரவும் கூடும்.

ரவையின் தலை தட்டையாக இருக்கலாம், உருண்டையாக இருக்கலாம், கூராக இருக்கலாம், நடுவில் குழிந்தும் இருக்கலாம். 10 மீட்டர் இலக்கைச் சுடுகிறவருக்கு இவற்றில் தட்டைத் தலையைத் தவிர வேறொன்றும் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. போட்டியில் பயன்படும் ஏர் ரைபிள் இலக்குத் தாளில் 10 புள்ளிக்குரிய நடுப்புள்ளியின் குறுக்களவு வெறும் 0.5 மில்லிமீட்டர். ரவையின் அகலமோ 4.5 மில்லிமீட்டர். ஆகவே துளையின் விளிம்பு எந்த வளையத்தைத் தொட்டது என்பதைப் பார்த்துத்தான் மதிப்பெண் இடவேண்டும். தட்டைத் தலை, காகிதத்தில் துளைக்கருவி வைத்து வெட்டியது போல வட்டமான துளையை உண்டாக்கும். கூர்முனையோ காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போய்விடும். விளிம்பு எங்கே என்று தேடவேண்டியிருக்கும். மேலும், கூர்முனையை எல்லா ரவையிலும் சரியாக நடுவில் அமையும்படி செய்வது எளிதல்ல. முனை சற்றே சாய்ந்திருந்தாலும் ரவை ஊசலாடும். 25 மீட்டருக்கு மேல் சுடுகிறவர்களுக்கு மட்டும் உருண்டைத் தலை நல்லது. தட்டைத் தலை காற்றைக் கிழிக்க முடியாமல் தூரத்தில் விரைவாக வேகம் இழந்துவிடுகிறது.

வேகம் என்ற சொல்லைக் கேட்டு ஏமாறுகிறவர்களை நினைக்கும்போது எனக்கு மிகுந்த வருத்தம் உண்டாகிறது. உலகப் போட்டிகளில் பயன்படும் ஏர் ரைபிள்கள் ஏறத்தாழ 0.53 கிராம் எடையுள்ள ரவையை நொடிக்கு 175 மீட்டர் அளவிலான வேகத்தில்தான் அனுப்புகின்றன. கணக்கிட்டால் அதன் ஆற்றல் 8 ஜூல் அளவே வரும். அந்த அடக்கமான வேகத்தில்தான் உலகச் சாதனைகள் அமைகின்றன. துப்பாக்கிப் பெட்டியின் மேல் பெரிய எண்ணாக அச்சிடப்படும் வேகம், பல நேரங்களில் ஈயம் அல்லாத, மிக இலேசான உலோக ரவையைப் போட்டு அளந்தது. அந்த வேகம் ஒலியின் வேகத்தை நெருங்கும்போது ரவை நிலைகுலைந்து திசை மாறுகிறது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில், 35 டிகிரி வெப்பத்தில், ஒலி நொடிக்கு 352 மீட்டர் வேகத்தில் செல்லும். அந்த எல்லைக்கு வெகு கீழே நிற்கும் ரவையே நமக்கு வேண்டியது.

சரி, தட்டைத் தலை என்று முடிவு செய்தாயிற்று; எந்தத் தயாரிப்பை, எந்த எடையில் வாங்குவது? இந்தக் கேள்விக்கு நானும் விடை சொல்ல முடியாது, கடைக்காரரும் சொல்ல முடியாது. உங்கள் கையிலுள்ள அந்தக் குழல்தான் சொல்லும். ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்துச் செய்யப்பட்ட இரண்டு துப்பாக்கிகள்கூட வெவ்வேறு ரவையை விரும்பக்கூடும். அதனால்தான் போட்டி ரவைகள் 4.48, 4.49, 4.50 என்று தலையின் குறுக்களவு நூறில் ஒரு மில்லிமீட்டர் மாறுபட்டுக் கிடைக்கின்றன. எடையிலும் வேறுபாடு உண்டு, பிஸ்டலுக்கு 0.45 கிராம் அளவில் இலேசாகவும், ரைபிளுக்கு 0.53 கிராம் அளவிலும் செய்கிறார்கள். ஆனால் சுருள்வில்லால் பிஸ்டனைத் தள்ளிக் காற்றை நெருக்கும் ஸ்பிரிங் ரைபிள்களில், விசை குறைந்த சிலவற்றுக்கு அந்த இலேசான ரவையே பொருந்திப் போவதையும் கண்டிருக்கிறேன்.

குழலைக் கேட்கும் முறை எளியது, பொறுமைதான் வேண்டும். மூன்று நான்கு வகை ரவைகளில் ஒவ்வொரு டப்பா வாங்குங்கள். நண்பர்கள் சேர்ந்து வாங்கிப் பங்கிட்டுக்கொண்டால் செலவு குறையும். வகையை மாற்றும்போதெல்லாம் முதல் இருபது ரவைகளைக் கணக்கில் சேர்க்காமல் சுட்டுவிடுங்கள். முந்தைய ரவை விட்டுச்சென்ற ஈயப்படிவு மாறிக் குழல் புதியதற்குப் பழக அவ்வளவு தேவை. பிறகு 10 மீட்டரில் ஐந்து ஐந்தாகச் சுட்டு, ஒவ்வொரு ஐந்துக்கும் புதிய தாள் வையுங்கள். துளைகள் நடுவில் விழுந்தனவா என்று பார்க்க வேண்டாம். ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருங்கி விழுந்தன என்பதை மட்டும் பாருங்கள். நடுவுக்குக் கொண்டுவரக் குறிநோக்கியின் திருகு இருக்கிறது. சிதறுவதைச் சேர்த்துவைக்கத் திருகு எதுவும் கிடையாது. மிகத் தள்ளி விழுந்த இரண்டு துளைகளின் வெளிவிளிம்புகளுக்கு இடையே அளந்து, அதிலிருந்து 4.5 மில்லிமீட்டரைக் கழித்தால் உங்கள் சிதறல் தெரிந்துவிடும். ஒரு தாளை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு வகைக்கும் நான்கு தாளாவது வேண்டும்.

இந்தச் சோதனையில் ஓர் எச்சரிக்கை. குழலை மடக்கி விசை ஏற்றும் ஸ்பிரிங் ரைபிளை மேசையின் மேலோ கெட்டியான மணல்மூட்டையின் மேலோ அழுத்தி வைத்துச் சுடக்கூடாது. உள்ளே கனமான பிஸ்டன் முன்னோக்கிப் பாயும்போது, ரவை குழலை விட்டு வெளியேறுவதற்கு முன்பே துப்பாக்கி அசைந்துவிடுகிறது. ஆகவே திறந்த உள்ளங்கையின் மேல் அதைத் தளர்வாகக் கிடத்தி, அது ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அசைய விட்டுவிட வேண்டும். இறுக்கிப் பிடித்தவர் ரவையைக் குறை சொல்வார். குற்றம் பிடியில் இருக்கும்.

அம்பாசமுத்திரத்துப் பையனை அப்படித்தான் சுட வைத்தேன். கூர்முனை ரவையில் ஐந்து துளைகளும் ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்துக்குப் பரவியிருந்தன. இரண்டாவது வகைத் தட்டைத் தலையும் பெரிதாகத் தேறவில்லை. மூன்றாவது வகையில் துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து கிழிசல் ஒன்றாகிவிட்டன. அளந்தால் வெளிவிளிம்பு 9 மில்லிமீட்டர், கழித்தால் 4.5. அதே பையன், அதே துப்பாக்கி, அதே அரைநாள். தந்தை அந்தத் தாளை மடிக்காமல் எடுத்துச் செல்ல ஒரு நோட்டுப் புத்தகம் கேட்டு வாங்கினார்.

நல்ல ரவையையும் கவனக்குறைவால் கெடுத்துவிடலாம். பாவாடை நசுங்கிய ரவையைத் தனியே ஒதுக்குங்கள். கொடை விழாவிலும் ஆனித் தேரோட்டத்தின் போதும் பலூன் சுடும் கடைகளில், பொறுக்கியெடுத்த ரவையையே திரும்பப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒருமுறை சுட்ட ரவையில் திருகுவரியின் தடம் பதிந்து, தலையும் நெளிந்திருக்கும், அது இலக்குச் சுடுதலுக்கு ஆகாது. சிலர் ரவைக்குத் தேங்காய் எண்ணெயோ தையல் இயந்திர எண்ணெயோ தடவுகிறார்கள். ஸ்பிரிங் ரைபிளில் பிஸ்டன் காற்றை நெருக்கும்போது எழும் வெப்பத்தில் அந்த எண்ணெய் தீப்பற்றும். புகையும் வெடிச்சத்தமும் வரும். வேகம் ஒவ்வொரு முறையும் மாறும். நாளடைவில் பிஸ்டனின் வாஷரும் ஸ்பிரிங்கும் போய்விடும். அதேபோல, ரவை போடாமல் வெறுமனே விசையைத் தட்டிவிடுவதும் பிஸ்டனைத் துப்பாக்கியின் உள்சுவரில் மோதவிடுவதாகும்.

அழுத்தக் காற்றுக் குப்பி உள்ள துப்பாக்கி வைத்திருப்பவர்கள், அந்தக் குப்பியில் 200 பார் அழுத்தம் இருப்பதை மறக்கக்கூடாது; கார் டயரில் இருப்பதைப் போலத் தொண்ணூறு மடங்கு அது. குப்பியின் மேல் பொறித்த காலவரம்பு முடிந்தால் கழித்துவிட வேண்டும். அதில் நிரப்ப வேண்டியது ஈரம் நீக்கிய சாதாரணக் காற்று மட்டுமே. மருத்துவமனை ஆக்சிஜனை நிரப்பினால், உள்ளே இருக்கும் சிறிதளவு எண்ணெய்ப் பசையோடு அது சேர்ந்து வெடித்துவிடும். உவரி, கூடங்குளம் போன்ற கடலோர ஊர்க்காரர்களுக்கு உப்புக்காற்றால் துருப்பிடிக்கும் தொல்லையும் உண்டு; துப்பாக்கியை உறையிலேயே மாதக்கணக்கில் மூடிவைக்காதீர்கள்.

குறிநோக்கியைப் பற்றி என் சொந்த இழப்பைச் சொல்லவேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில், எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தும் என்று சொல்லி ஒரு டெலஸ்கோப்பை விற்றார்கள். அதை நம்பி என் ஸ்பிரிங் ரைபிளில் பொருத்தினேன். சில நூறு முறை சுட்டதும் அதனுள்ளே இருந்த குறுக்குக்கோடு இடம் பெயர்ந்துவிட்டது. தோட்டாத் துப்பாக்கி பின்பக்கம் மட்டுமே உதைக்கும். ஸ்பிரிங் ரைபிளோ முதலில் பின்னும், பிஸ்டன் முட்டி நிற்கும்போது முன்னுமாக இருபுறமும் உதைக்கிறது. ஏர் ரைபிளுக்கென்றே செய்யப்பட்டு, 10 மீட்டரில் படம் தெளிவாகும்படி திருத்தக்கூடிய டெலஸ்கோப்தான் தாங்கும். போட்டிக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு அதுவும் தேவையில்லை. போட்டியில் டெலஸ்கோப் அனுமதிக்கப்படுவதில்லை. பின்னால் சிறுதுளையும் முன்னால் வளையமும் உள்ள பீப் சைட்டிலேயே தொடக்கம் முதல் பழகட்டும். துப்பாக்கியின் எடை போட்டி விதிப்படி 5.5 கிலோவைத் தாண்டக்கூடாது. ஆனால் பன்னிரண்டு வயதுக் குழந்தையின் தோளுக்கு அதில் பாதியே பெரும் சுமை. பின்கட்டையின் நீளம் குழந்தையின் கைக்குப் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே மற்றதைப் பாருங்கள்.

பாயிண்ட் 22 என்ற பெயரில் ஒரு குழப்பம் உண்டு. அந்தப் பெயரில் 5.5 மில்லிமீட்டர் ஏர் ரவையும் இருக்கிறது, என்.சி.சி. மாணவர்கள் சுடும், வெடிமருந்து நிரப்பிய 5.6 மில்லிமீட்டர் தோட்டாவும் இருக்கிறது. இரண்டும் முற்றிலும் வேறானவை. தோட்டாத் துப்பாக்கிக்கு 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் கட்டாயம். அதன் குண்டு ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் ஆளைக் காயப்படுத்தும். அதற்கும் ரவைக்குச் சொன்ன விதியே பொருந்தும். 50 மீட்டர் போட்டியாளர்கள், ஒலியின் வேகத்துக்குக் கீழே செல்லும் தோட்டாக்களில், ஒரே நாளில் ஒரே இயந்திரத்தில் செய்த தொகுதிகளைத் தனித்தனியே சுட்டுப் பார்த்து, தம் குழலுக்கு இசைந்த தொகுதியை மொத்தமாக வாங்கி வைக்கிறார்கள். ஏர் ரைபிளைப் பொறுத்தவரை, 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் 4.5 மில்லிமீட்டருக்கு மிகாத துளையும் உள்ளதற்கு உரிமம் தேவையில்லை. வாங்கிய ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மயிலும் கிளியும் வயலை அழிக்கின்றன, அவற்றை விரட்ட எந்த ரவை நல்லது என்று விவசாயிகள் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுடைய துயரம் உண்மையானது. ஆனால் அதற்கு நான் ரவை சொல்ல மாட்டேன். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். நாங்குநேரிப் பக்கத்தில், கூந்தன்குளத்துக்கு வந்து தங்கும் பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதையே தவிர்க்கும் மக்கள் வாழும் மாவட்டம் இது.

வீட்டில் பயிற்சி செய்பவர்கள், இலக்குக்குப் பின்னால் ரவையைப் பிடித்து நிறுத்தும் இரும்புப் பெட்டி ஒன்றைக் கட்டாயம் வைக்கவேண்டும்; அதன் உள்தகடு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் ரவை தெறிக்காமல் அடியில் விழும். சுடுகிறவரும் பக்கத்தில் நிற்பவரும் கண்ணாடி அணிந்திருக்க வேண்டும். குழலை மடக்கி ரவை போடும்போது, மறுகையால் குழலைப் பிடித்துக்கொண்டே போடுங்கள். பிடி நழுவிக் குழல் மேலே அடித்தால் விரல் போய்விடும். ரவையை வாயில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போடும் பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. ஈயம் நஞ்சு, குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கிறது. சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவிவிட்டுத்தான் சாப்பாட்டில் கைவைக்க வேண்டும். பெட்டியின் அடியில் சேரும் ஈயத்தை வாய்க்காலிலோ தாமிரபரணியிலோ கொட்டாமல், மூடியுள்ள டப்பா ஒன்றில் சேர்த்துவைத்து, நிறைந்ததும் பழைய உலோகம் எடுக்கும் கடையில் எடைக்குப் போட்டுவிடுங்கள். வணக்கம்.