பானையில் ஒரு பெயர்

வணக்கம். நம் செட்டிநாட்டு வீடுகளில் எந்த ஏனம் வாங்கினாலும் அதில் பெயர் வெட்டாமல் அடுக்களைக்குள் விடமாட்டோம். கரண்டியில் இருந்து அண்டா வரைக்கும் இதுதான் வழக்கம். கல்யாணச் சாமான் என்றால் விலாசமும் சேர்ந்துவிடும். பந்திக்கு இரவல் போன வாளி வீடு திரும்புவதே அந்த நாலு எழுத்தை நம்பித்தானே!

இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் ஆத்தாவைக் கீழடி அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். நம் சிவகங்கை மாவட்டம்தான், திருப்புவனம் பக்கம். 2023 மார்ச்சில் திறந்தார்கள். கட்டடம் நம் ஊர் வீட்டுப் பாணியில் இருக்கும். உள்ளே போனதும் ஆத்தா முதலில் தூணைத்தான் தட்டிப் பார்த்தார்கள்.

அப்புறம் கீழடி மண்ணைத் தோண்டி எடுத்த பழைய பானை ஓடுகள். உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு. பானையைக் கவிழ்த்துச் சுட்டால் உள்பக்கம் காற்றுப் போகாது, அதனால் அது கருத்துவிடும். அந்த ஓடுகளில் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் கீறியிருக்கிறது. 'ஆதன்' என்று ஒன்று. 'குவிரன் ஆதன்' என்று இன்னொன்று. நான் வாசித்துச் சொன்னேன். ஆத்தா கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு, "அவுக வீட்டுப் பானையாப்பா?" என்று கேட்டார்கள்.

மாநிலத் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட கீழடி நூலில் இப்படி எழுத்துள்ள ஓடுகள் 56 என்று கணக்குச் சொல்கிறார்கள். கையெழுத்து ஒன்றுபோல இல்லை. பானைக்கு உரியவர்களே ஆளுக்கு ஆள் கீறியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் கருத்து. அங்கே 353 செண்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரித்துண்டுக்கு கி.மு. 580 என்று காலம் வந்திருக்கிறது. எனக்கு அந்தப் பழமையை விட இந்தப் பெயர்தான் பெரிசாகத் தெரிகிறது. மறுபடியும் சொல்கிறேன், பெயர்! ராஜா பெயர் கல்லில் இருக்கும். இது சோறு பொங்கிய வீட்டுக்காரர் பெயர்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகள் இருக்கின்றன, பார்த்திருப்பீர்கள். ஒருதரம் அங்கே ஒரு சருவச்சட்டியில் ஆத்தா தன் சின்னத்தா வீட்டு விலாசத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். விலை கேட்கவில்லை. முந்தானையால் அந்த எழுத்தைத் துடைத்துவிட்டு, சட்டியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தார்கள். வீடு வரும்வரைக்கும் பேச்சே இல்லை. கீழடியில் அந்த ஓட்டுக்கு முன்னால் நின்றபோதும் அதே முகம்தான்.

தாயக்கட்டை, உறைகிணறு, தக்களி எல்லாம் சொல்ல வைத்திருந்தேன். வானொலி நிலையத்து அம்மா கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். சரி, சில்லு மட்டும். உடைந்த ஓட்டை உரசி வட்டமாக்கியிருக்கிறார்கள், நாம் பாண்டி ஆடிய அதே சில்லு. பிள்ளைகளை அங்கே கொஞ்ச நேரம் நிற்க விடுங்கள். போகும்போது வீட்டில் உள்ள பெரியவர் ஒருவரையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். வணக்கம்.