லோ லோன்னு அலையறான்!

நடுவர் அவர்களுக்கும் தூறலிலும் நாற்காலியை விடாத பெரியவர்களுக்கும் வணக்கம். 'காம் டவுன்' பாட்டு உலகம் சுற்றியது நைஜீரியப் பாடகர் ரேமாவால்தான், பிறகு கூடச் சேர்ந்து பாடிய அமெரிக்கப் பாடகி செலீனா கோமஸால் அல்ல. இதுதான் எங்கள் கட்சி.

எதிரணித் தம்பி ஒன்று சொல்லிவிட்டுப் போனார். "ரேமா வேகவைத்தது வெறும் பருப்பு. செலீனா தாளித்த பிறகுதான் ஊரே மணந்தது." கைதட்டினீர்கள். நானும்தான் தட்டினேன். ஆனால் தம்பி, ரேமா தனியாகப் பாடிய பருப்பு இறங்கியது 2022 பிப்ரவரியில். கூடப் பாடிய பதிப்பில் அம்மணி கரண்டியோடு வந்தது ஆகஸ்டில். ஆறு மாதம் தாளிக்காமலே சாப்பிட்டவர்கள் என்ன, நாக்கு இல்லாதவர்களா? சரி, தாளிப்பை மட்டும் ஒரு கிண்ணத்தில் தருகிறேன், தம்பி சோற்றில் பிசைந்து சாப்பிடட்டும். கடுகு பல்லில் மாட்டும், மிளகாய் தொண்டையில் நிற்கும். தண்ணீர் நான்தான் தர வேண்டும்!

அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100-இல் 3-ஆம் இடம், 2023-இல் எம்டிவி இசைச் சேனல் முதன்முதலாக ஆஃப்ரோபீட்ஸ் என்ற மேற்கு ஆப்பிரிக்கப் பாப் இசைக்கென்று கொடுத்த விருது, எல்லாம் செலீனா வந்த பிறகுதானே என்கிறார். ஆமாம், பிறகுதான். அதை விடுங்கள், எங்கள் ஆயா கதைக்கு வருகிறேன்.

ஆயா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கிறார். என் போனில் இந்தப் பாட்டு. ஆயா காதுக்குப் பிடிபட்டது இரண்டே இரண்டு. ஒன்று ஃபேன்டா. இன்னொன்று லோ லோ லோ.

"யாருடா இவன், லோ லோங்கிறான்?"

"நைஜீரியாக்காரன் ஆயா. லவ்னு சொல்ல வந்தவன், முழுசாச் சொல்லாம இழுக்கிறான்."

முறம் நின்றது. "பொண்ணு பின்னாடியா?"

"ஆமா ஆயா. மஞ்சள் டிரஸ் பொண்ணு."

"அப்படிச் சொல்லு. அதான் லோ லோன்னு அலையறான்!"

நைஜீரியாவின் பெனின் நகரத்துப் பையன் பிட்ஜின் என்ற அந்த ஊர்க் கலப்பு ஆங்கிலத்தில் பாடியதற்கு எங்கள் ஆயா உரை எழுதிவிட்டார். மறுநாள் கீரைக்காரம்மா. "இன்னும் அலையறானா அந்தப் புள்ள?" அதற்கு மறுநாள் பால்காரர். "பாவம், அலையறான்." தெருவே விசாரிக்கிறது நடுவர் அவர்களே! இந்த லோ லோ யார் வாயில் பிறந்தது? ரேமா வாயில்.

ஒருநாள் சும்மா இருக்காமல், "அவனுக்குச் சின்ன வயசுலயே அப்பா போயிட்டாரு ஆயா" என்று சொல்லித் தொலைத்தேன். 2018-இல் இன்ஸ்டாகிராமில் போட்ட ஒரு துண்டு வீடியோவைப் பார்த்து டி'பிரின்ஸ் என்ற நைஜீரியப் பாடகர் அவனைக் கூப்பிட்டுக்கொண்டதையும் சொன்னேன். ஆயா பேசவில்லை. இருபத்து மூன்று வயதில் தாலியை இழந்து, நான்கு பிள்ளைகளை அந்த முறத்தை வைத்தே வளர்த்தவர். பாட்டில் செலீனாவின் குரல் வந்தது.

"இது யாரு, அந்தப் பொண்ணா?"

"ஆமா ஆயா."

"சம்மதிச்சிட்டாளா? புள்ளைய நல்லா வச்சுக்குவாளா?"

எதிரணி சிரிக்கிறது, என் சாட்சியே கட்சி மாறிவிட்டதாம். சிரியுங்கள். "வச்சுக்குவா ஆயா" என்றுதான் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி முறத்தை எடுத்தார்.