காரைக் களிமண்ணின் வயது

நேயர்களுக்கு வணக்கம். திருச்சியிலிருந்து பெரம்பலூர் போகும்போது பாடாலூரில் கிழக்கே திரும்பி, ஊட்டத்தூரைத் தாண்டினால் காரை. மழைத்தண்ணீர் அரித்து அரித்து, மேடும் ஓடையுமாக வெளுத்துக் கிடக்கும் காடு. நடுநடுவே கண்ணாடிச் சில்லு மாதிரி மின்னுவது ஜிப்சம். அது பின்னால் விரிசல்களில் படிந்தது. மண்ணை ஷேல் என்பார்கள். கடலடிச் சேறு இறுகி, ஏடு ஏடாக உரியும் களிப்பாறை.

இதற்கு வயது என்ன? கல்லூரியில் படித்தபோது ஒரு சாக்கு நிறைய அள்ளிக்கொண்டு போய் ஆசிரியர் முன்னால் கொட்டினேன். "சோதிச்சு வயசு சொல்லிடலாம் சார்!" அவர் சிரிக்கவில்லை. "உங்க வீட்டுச் சுவரைச் சோதிச்சா வீடு கட்டுன வருசமா வரும்? ஆத்து மணலோட வயசுல்ல வரும்?" என்றார். சாக்கை நானேதான் திரும்பத் தூக்கிக்கொண்டு போனேன்.

அதுதான் சங்கதி. சேறு எங்கோ ஒரு பழைய மலை கரைந்து வந்தது. அதை அளந்தால் மலையின் வயதுதான் வரும். சேறு படிந்த காலம் வராது. மறுபடியும் சொல்கிறேன், தாய்ப்பாறையின் வயது வேறு, சேறு படிந்த காலம் வேறு.

அப்போது யாரைக் கேட்பது? சேற்றில் புதைந்தவர்களைத்தான். ஆட்டுக்கொம்பு மாதிரி சுருண்ட அம்மோனைட், துப்பாக்கித் தோட்டா மாதிரி பெலம்னைட். இரண்டும் அற்றுப்போன கடல் உயிர்கள். அம்மோனைட் இனங்கள் சீக்கிரம் சீக்கிரம் மாறியவை, கடல் கடலாகப் பரவியவை. இங்கே கிடைத்ததை ஐரோப்பாவில் கிடைத்ததோடு பொருத்தலாம். 1846-லேயே பிரிட்டிஷ் இயற்கை ஆய்வாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் இந்தப் பக்கத்துச் சிப்பிகளை ஆராய்ந்து எழுதிவிட்டார். 1860-களில் நிலவியலாளர் பிளான்ஃபோர்டு இந்தப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்றாகப் பிரித்தார். நம் ஊர்ப் பெயர்கள் உலகப் புத்தகத்தில்!

ஆனால் அம்மோனைட் முன்பின் வரிசையைத்தான் சொல்லும், வருடத்தைச் சொல்லாது. வட அமெரிக்காவில் அதே காலத்து அம்மோனைட் அடுக்குகளுக்கு நடுவே எரிமலைச் சாம்பல் உண்டு. சாம்பலில் இருக்கும் படிகம் எரிமலை வெடித்த காலத்திலேயே பிறந்தது. அதில் பொட்டாசியம் ஆர்கான் வாயுவாக மாறியிருக்கும் அளவுதான் கடிகாரம். அங்கே கிடைத்த ஆண்டுக் கணக்கை ஐரோப்பா வழியாகக் காரைக்குக் கொண்டுவந்தால், சுமார் 11 கோடியிலிருந்து 9 கோடி ஆண்டு.

நேரம் முடிந்தது என்று நிலைய நண்பர் கை காட்டுகிறார். சாத்தனூர்க் கல்மரத்தைப் பற்றிச் சொல்ல நினைத்திருந்தேன். 18 மீட்டர் நீளம், கடலுக்குள் வந்து புதைந்து கல்லாகிப்போன மரம். போனால் வெயிலுக்கு முன்னால் போங்கள், அங்கே நிழல் குறைவு. வணக்கம்.